நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை

இறுக்கிய நட்டை மறுபடியும் சோதித்துப் பார்ப்பதற்கென்றே இந்த ஊரில் காலை ஏழரை மணிக்கு ஒரு வரிசை நிற்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கோதுமை வயல்களுக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் நடுவே கிடக்கும் ஒரு சிறு நகரம் இது. இங்கே பிக்கப் வண்டி விற்கும் டீலர் ஒருவரின் சர்வீஸ் கவுண்டரில் நான் வேலை பார்க்கிறேன். சக்கரம் கழற்றி மாட்டிய ஒவ்வொருவரிடமும் நான் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்: "நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டுத் திரும்பி வாருங்கள், நட்டுகளைச் சரிபார்த்துத் தருகிறோம்." நான் வியந்தது அந்த வாக்கியத்தைக் கேட்டு அல்ல. அதைக் கேட்டவர்கள் உண்மையிலேயே திரும்பி வருவதைக் கண்டுதான். வருகிறவர்கள் காபிக் கோப்பையோடு வண்டிக்குள்ளேயே அமர்ந்திருக்கிறார்கள். டெக்னீஷியன் டைலர், என் வயதுக்காரன், முழங்கை நீளத்தில் ஒரு டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு நட்டிலும் வைத்து அழுத்துகிறான். குறித்த அளவு இறுக்கம் வந்ததும் அந்தக் கருவி 'கிளிக்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு மேல் ஒரு விரல் அழுத்தமும் கூடாது. அடுத்த நட்டுக்குப் போய்விட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் டைலரிடம் கேட்டேன், நேற்று நீ ஒழுங்காக இறுக்கவில்லையா என்று. அவன் முகம் சிவந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் குறை சொல்லவில்லை, என் ஊர் வழக்கப்படி ஒரு நியாயத்தைக் கேட்டேன், அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒரு வேலையை இரண்டாம் முறை பார்க்கச் சொன்னால், முதல் முறை செய்தவன் தப்பாகச் செய்தான் என்று பொருள். இங்கேயோ, சரியாகச் செய்தவனும் தன் வேலையைத் திரும்பப் பார்க்கிறான். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, என் அண்ணன் கொடுத்தான். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களிடமும், என்னைப் போல் ஏதோ ஒரு குளிர் நாட்டில் ஏதோ ஒரு கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர்களிடமும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் தென்காசிக்காரன். பேச்சாளன். இப்படிச் சொல்லும்போது இன்னமும் என் முதுகு தானாக நிமிர்கிறது. பள்ளியில் தொடங்கி, கல்லூரியில் வளர்ந்து, கோயில் கொடை மேடைகளிலும் பட்டிமன்றங்களிலும் பேசியவன் நான். சீட்டுக் குலுக்கிப் போட்டு எந்த அணி வந்தாலும் அந்த அணிக்காக ஐந்தே நிமிட ஆயத்தத்தில் பேசுவேன். காலையில் ஒரு கட்சியை நிலைநாட்டி, மாலையில் அதே கட்சியைத் தகர்த்து, இரண்டுக்கும் கோப்பை வாங்கிய நாள் உண்டு. அந்தக் கோப்பைகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என் அண்ணன் இசக்கியின் சரக்கு வண்டி. என்னைவிட எட்டு வயது மூத்தவன். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். போட்டி எங்கே நடந்தாலும், வீரகேரளம்புதூரோ திருநெல்வேலியோ, சரக்கை இறக்கிவிட்டு வந்து கடைசி வரிசையில் நிற்பான். முடிவு அறிவித்ததும் கைதட்டலுக்கு முன்னால் அவன் குரல் வரும்: "ஏலே சங்கரு!" நடுவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். அந்த 'ஏலே'யைக் கேட்காமல் நான் எந்தப் பரிசையும் வாங்கியதில்லை.

இங்கே என் வேலை வாரண்டி எழுத்தர். உத்தரவாதக் காலத்துக்குள் பழுதான வண்டி வந்தால், கம்பெனிக்கு அனுப்பும் படிவத்தில் புகார், காரணம், திருத்தம் என மூன்று பத்திகள் எழுத வேண்டும். மற்ற இரண்டும் ஒப்புக்கு. வழக்கு முழுவதும் காரணம் என்கிற நடுப்பத்தியில்தான் இருக்கிறது. பழுது கம்பெனியின் உலோகத்தால் வந்ததா, ஓட்டியவரின் கையால் வந்ததா என்பதை அந்தப் பத்தி தீர்மானிக்கும். நான் எழுதிய காரணப் பத்திகளைக் கம்பெனி ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பியதில்லை என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டியிருக்கிறார். மேடை போய்விட்டதே என்று ஏங்கிக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பத்து வரிப் பத்தியே மேடையாகிவிட்டது.

ஜனவரியில் வால்டர் என்றொரு பண்ணைக்காரர் வந்தார். வெளியே மைனஸ் முப்பது டிகிரி உறைகுளிர். அவருடைய பிக்கப்பின் பின் சக்கரத்தில் மூன்று ஸ்டட்டுகள் உடைந்திருந்தன. ஸ்டட் என்பது அச்சின் முனையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மறை போட்ட இரும்பு ஆணி. சக்கரத்தை அதில் செருகித்தான் நட்டைப் பூட்டுகிறோம். வால்டர் வெளியே எங்கோ வாங்கிய ரிம்மை மாட்டியிருந்தார். அதன் உள்முகத்தில் கெட்டியான கறுப்புப் பூச்சு. இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் ஒட்ட வேண்டிய இடத்தில் பெயின்ட் இருந்தால், ஓட ஓட அது நசுங்கிப் பொடிந்து போகும். போன இடத்தில் இடைவெளி விழும். நட்டு தளரும். சக்கரம் ஆடும். ஆடுகிற ஆட்டத்தில் ஆணி முறியும். ஆகவே இது வாரண்டியில் வராது என்பதை முன்னுரை, மூன்று வாதம், தொகுப்புரை என்று அவருக்கு எடுத்துரைத்தேன். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். "ஃபேர் இனஃப்" என்றார். நியாயம்தான் என்று பொருள். கையெழுத்துப் போட்டார். எனக்கு நன்றியும் சொன்னார். வாதத்தில் வென்ற பழைய சூடு எனக்கு உடம்பெல்லாம் பரவிற்று.

"எவ்வளவு பெருந்தன்மையான மனிதர்" என்று நான் டைலரிடம் சொன்னேன்.

"பெருந்தன்மையா? அவர் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டார். இருபது வருட வாடிக்கையாளர்" என்றான் அவன்.

"கோபப்படவே இல்லையே!"

"இதுதான் அவருடைய கோபம்."

அன்று எனக்கு அது விளங்கவில்லை. எங்கள் ஊரில் கோபம் என்றால் அது நாலு கடை தள்ளிக் கேட்கும். கத்துகிறவன் கத்திக்கொண்டிருக்கிற வரைக்கும் உறவு இருக்கிறது, பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்கிறது என்று பொருள். மரியாதையாகப் பேசி விலகுகிறவர்களை நான் அதுவரை அறிந்ததில்லை.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கனடாவில் படிப்பு முடிந்து, இந்த வேலையில் சேர்வதற்கு முன்னால், அக்டோபரில் ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் அந்த வருடம்தான் புது பிக்கப் வாங்கியிருந்தான். செங்கோட்டையில் பழம் ஏற்றிக் குற்றாலத்துக் கடைகளுக்குக் கொடுப்பதும், மற்ற மாதங்களில் கேரளத்துக்குக் காய்கறி கொண்டுபோவதும் அவன் தொழில். ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டால் போதாது. சக்கரத்துக்குப் புதுப் பெயின்ட் அடிக்காவிட்டால் பூஜை பாதிதான். பெயின்டரிடம் விடலாம் என்று அண்ணன் சொன்னான். அடுத்த வருடம் நான் இருக்க மாட்டேன், நானே அடிக்கிறேன் என்று தூரிகையை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, கிளிப்பச்சை எனாமல், விளிம்பில் மஞ்சள் வளையம், மூன்று பூச்சு. வெளிப்பக்கம் முடித்துவிட்டு ரிம்மைப் புரட்டிப் போட்டு உள்பக்கமும் அடிக்கத் தொடங்கினேன்.

"ஏலே, உள்பக்கம் எதுக்குலே? அங்கன யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்றான் அண்ணன்.

"யாரும் பாக்காத எடத்தையும் ஒழுங்கா வைக்குததுதாண்ணே நேர்மை" என்றேன் நான்.

அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். மதினியைக் கூப்பிட்டு, "ஏட்டி, கேட்டியா எந்தம்பி சொல்லுதத!" என்று அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னான். அதற்குப் பிறகு பழக்கடைக்காரர்களிடமும், டீக்கடையிலும், கேரளத்துச் செக்போஸ்ட்டிலும்கூட அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான். என் வாழ்நாளில் நான் பேசிய எந்த வாக்கியமும் அவ்வளவு தூரம் பயணம் போனதில்லை.

நவம்பரில் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சிப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில், ரிம்மும் அதன் பின்னாலிருக்கும் பிரேக் டிரம்மும் ஒட்டும் முகத்தில் பெயின்ட் இருக்கக் கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. கிளிப்பச்சை என் கண் முன்னால் வந்து நின்றது. அன்றைக்கே அண்ணனை அழைத்தேன். சக்கரத்தைக் கழற்று, உள்பக்கப் பெயின்டைச் சுரண்டிவிடு என்று சொல்லத்தான் அழைத்தேன். ஆனால் அப்படிச் சொன்னால், ஊரெல்லாம் அவன் சுமந்து திரிந்த என் வாக்கியத்தை நானே திரும்பப் பெற வேண்டியிருக்கும். நாக்கு வேறு வழியில் போயிற்று. "அண்ணே, இங்கல்லாம் ஒரு நல்ல பழக்கம். நூறு கிலோமீட்டருக்கு ஒருக்க வீல் நட்ட இறுக்கிக்கிடுதாங்க. நீயும் அப்படியே செய்யி" என்றேன். கிளிக் என்று நிற்கும் கருவியைப் பற்றிச் சொல்லவில்லை. இறுக்குவதற்கும் சரிபார்ப்பதற்கும் உள்ள தூரத்தையும் சொல்லவில்லை. அரை உண்மையைச் சொல்லி முடித்த நிம்மதியில் போனை வைத்தேன்.

என் அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்லன். வீல் ஸ்பானரில் நாலடி இரும்புப் பைப்பைச் செருகி, அதன் முனையில் ஏறி நின்று, தன் எடை முழுவதையும் கொடுத்து இறுக்குவதுதான் அங்கே முறை. அவன் அதை நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் செய்தான். நிறுத்திய இடம் செங்கோட்டையானாலும் ஆரியங்காவு ஏற்றமானாலும், மழையானாலும், இறங்கிப் பைப்பில் ஏறினான். கூட ஓடுகிற டிரைவர்கள், "அண்ணாச்சிக்குக் கனடாவுலேருந்து வேண்டுதல் வந்திருக்குடே" என்று கேலி செய்வார்களாம். அவன் என்னிடம் பெருமையாகச் சொல்லுவான்: "ஏலே, நீ சொன்னது சரிதாம்லே. ஒவ்வொரு தடவையும் கால் சுத்து எறங்குது பாத்துக்க. இறுக்காம விட்டிருந்தா என்னத்துக்கு ஆவும்!" முதலில் பெயின்ட் நசுங்கியதால் நட்டு இறங்கிற்று. பெயின்ட் நசுங்கி முடிந்த பிறகு இறங்கியது நட்டு அல்ல. பைப்பின் வலுவில் ஆணிதான் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டிருந்தது. இதையும் நான் படித்திருந்தேன். ஆனால் அவன் அவ்வளவு மகிழ்ச்சியாகச் சொல்லும்போது குறுக்கிட மனம் வரவில்லை.

ஜூன் மாதம் சாரல் தொடங்கி, குற்றாலத்தில் அருவிகளில் தண்ணீர் விழுந்த இரண்டாம் நாள், மதினி அழைத்தாள். செங்கோட்டையிலிருந்து மங்குஸ்தானும் ரம்புட்டானும் ஏற்றி வந்த வண்டி, வல்லம் தாண்டியதும் இடப்பக்கம் சரிந்து நின்றுவிட்டது. பின் சக்கரத்தில் ஐந்து ஸ்டட்டுகளில் மூன்று முறிந்து, மீதி இரண்டில் ரிம் தொங்கிக்கொண்டிருந்தது. டிரம்மும் கீறிப்போயிற்று. வேகம் இல்லாததால் யாருக்கும் ஒன்றுமில்லை. பழக்கூடைகள் மட்டும் ரோட்டில் உருண்டன. தென்காசி டீலரிடம் வண்டியை இழுத்துக்கொண்டு போய் விட்டிருந்தார்கள்.

குற்றாலச் சீசன் என்பது எங்கள் பக்கத்தில் இரண்டு, மிஞ்சினால் இரண்டரை மாதம். அந்த நாட்களில் ஓடும் ஓட்டத்தில்தான் அண்ணன் வீட்டு வருடம் ஓடும். பழக்கடைக்காரர்கள் விடிவதற்குள் கூடை வர வேண்டும் என்பார்கள். ஒரு வாரம் வரவில்லையென்றால் வேறு வண்டி பிடித்துக்கொள்வார்கள். பிடித்தவனுக்கே சீசன் முழுவதும் கொடுப்பார்கள். அதுதான் அங்கே வழக்கம், அதில் யாருக்கும் யார் மீதும் வருத்தம் கிடையாது. வாரண்டி கிளெய்ம் ஏற்கப்பட்டால் டீலர் தன் கையிருப்பிலிருந்தே டிரம்மும் ஸ்டட்டும் போட்டு இரண்டு நாளில் வண்டியை விட்டுவிடுவார். மறுக்கப்பட்டால் சாமான் மதுரையிலிருந்து நம் கணக்கில் வர வேண்டும், அது எப்போது வரும் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆக, அண்ணனுடைய ஒரு வருடம் ஒரு படிவத்தின் நடுப்பத்தியில் வந்து நின்றது. அந்தப் பத்தியை எழுதுவதில் என்னைவிட வல்லவன் இரண்டு நாட்டிலும் இல்லை என்று நான் நம்பினேன்.

இரண்டு நாள் டீலரிடம் மன்றாடிவிட்டு, மூன்றாம் நாள் அண்ணன் அங்கிருந்தே என்னை அழைத்தான். தென்காசியில் காலை ஒன்பது மணி, எனக்கு முந்தைய நாள் இரவு ஒன்பதரை. இந்த நாட்டில் ஜூன் மாதம் இரவு ஒன்பதரைக்கும் வெயில் அடிக்கும். நான் வாசலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். போனில் தகரக் கூரை மேல் சாரல் விழும் சத்தம் கேட்டது.

"ஏலே சங்கரு, நீ பேசு. நான் பேசுனா சண்டையாயிருது" என்று சொல்லி அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு, சர்வீஸ் அட்வைசரின் மேசை மேல் வைத்தான். அட்வைசர் பெயர் ஜெபராஜ். என் குரலைக் கேட்டதுமே, "அண்ணே, நீங்க பட்டிமன்றத்துல பேசுத சங்கர் அண்ணனா? எங்க காலேஜுக்கு வந்து பேசுனீங்களே! ஏண்ணே, மொதல்லயே நீங்க பேசிருக்கக் கூடாதா? உங்க அண்ணாச்சி ரெண்டு நாளா இங்கனயே உக்காந்து எங்க வாட்ச்மேன் வேலைய எடுத்துக்கிட்டாக" என்று சிரித்தான். அண்ணனும் சிரித்தான். எனக்கு மேடை விளக்கு எரிந்தது.

பேசினேன். ஏற்றிய சரக்கு அனுமதித்த எடைக்குள் இருந்தது என்றேன். ஒவ்வொரு சர்வீஸும் இதே டீலரிடம் குறித்த நாளில் நடந்திருக்கிறது, உங்கள் முத்திரையே சாட்சி என்றேன். ஒரே சக்கரத்தில் மூன்று ஆணிகள் ஒருங்கே முறிவது உலோகத்தின் குறையைக் காட்டுகிறது என்றேன். மூன்றாவது வாதம் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் விவாதத்தில் பொய்யென்று ஒன்றில்லை, எதிரணி மறுக்காத வரையில் அது ஒரு வாதம். நான் முடித்தபோது அந்தப் பக்கம் யாரோ கைதட்டினார்கள்.

"கேக்கவே நல்லாருக்குண்ணே. இத மேனேஜருக்கு அனுப்பிட்டா ஒத்துக்கிடுவாரு" என்றான் ஜெபராஜ். "ஒரே ஒரு எடம் மட்டும் பாக்கி இருக்கு. ரிம்முக்கு உள்பக்கம், டிரம்மோட ஒட்டுத எடத்துல, பச்சப் பெயின்ட் இருக்கு. எங்க ஷோரூம்ல டெலிவரி குடுக்கும்போதே கேக்கவங்களுக்குப் பெயின்ட் அடிச்சுக் குடுப்பாங்க. அப்படி அடிச்சதுன்னா பொறுப்பு எங்களுது. பெறகு நீங்களா அடிச்சதுன்னா, கிளெய்ம் நிக்காது."

"வாங்கும்போதே அப்படித்தாம்யா இருந்துது" என்று அண்ணன் சட்டென்று சொன்னான்.

"அண்ணாச்சி, நீங்க நேத்து ஒண்ணு சொன்னீக, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதீக. சங்கர் அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கண்ண மூடிக்கிட்டு எழுதிருதேன்."

அண்ணன் எனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னான் என்று பிறகு தோன்றியது. பெயின்ட் அடித்தவன் பெயர் வெளியே வரக் கூடாது என்று நினைத்திருப்பான். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆமாம் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அல்லது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

"இல்ல ஜெபராஜ். நான்தான் அடிச்சேன், ஆயுத பூஜைக்கு" என்றேன்.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால், நேர்மைக்காக இழந்தேன் என்று இன்று தலை நிமிர்ந்து எழுதியிருப்பேன். நான் நிறுத்தவில்லை. பெயின்ட் எப்படி நசுங்கும், இடைவெளி எப்படி விழும், நட்டு ஏன் தளரும் என்று தொடர்ந்தேன். யாரும் கேட்காமலே, நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை பைப் போட்டு இறுக்கிய கதையையும், அதனால் ஆணி நீண்டு மெலிந்து முறிந்த விதத்தையும் படிப்படியாக நிறுவினேன். ஜனவரியில் வால்டருக்கு ஆற்றிய உரையைவிட இது செறிவாக இருந்தது. எதிரணிக்கு இதைவிடச் சிறந்த பேச்சாளர் கிடைத்திருக்க மாட்டார். என்னைப் பேச வைத்தது உண்மை மட்டுமா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை எனக்குத் தெரியும் என்கிற களிப்பும் அதில் இருந்தது. சீட்டில் எந்த அணி வந்தாலும் பேசுவேன் என்று பெருமைப்பட்டவன், என் அண்ணன் உட்கார்ந்திருக்கும் அணியை ஒரு நிமிடம் மறந்து போனேன்.

ஜெபராஜ் படிவத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணே, இப்ப நான் இத எழுதித்தான் ஆவணும்" என்றான். அவன் குரலில் எனக்காக ஒரு வெட்கம் இருந்தது. தகரத்தின் மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் போனைக் கையில் எடுப்பது கேட்டது. வைவான் என்று காத்திருந்தேன். 'ஏலே, உனக்குப் புத்தி இருக்கா, மூதி' என்று அவன் கத்தியிருந்தால் அந்த இடத்திலேயே நான் அழுதிருப்பேன். பிழைத்திருப்பேன்.

"சரி தம்பி" என்றான் அண்ணன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வச்சிருதேன்."

நீங்க. இருபத்தாறு வருடத்தில் அவன் என்னை அப்படி அழைத்ததில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்த எனக்கு வால்டர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போன அந்த மெல்லிய சத்தம் கேட்டது.

அதன்பிறகு என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தேன். செய்ததற்கெல்லாம் ஒரே பலன்தான். இங்கிருந்து ஸ்டட் அனுப்பட்டுமா என்று கேட்டேன், அந்த வண்டிக்கு இந்த மறை பொருந்தாது என்று தெரிந்திருந்தும். "வேண்டாம் தம்பி, இங்கயே கெடைக்கும்" என்று பதில் வந்தது. ஜெபராஜை நானே அழைத்து மேல்முறையீடு உண்டா என்று கேட்டேன். "அண்ணே, நீங்க சொன்னத அப்படியே எழுதிருக்கேன். அதுல ஓட்டையே இல்லண்ணே" என்றான். என் பேச்சுக்கு நானே மறுப்புரை தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கிடைக்கவில்லை.

சாமான் மதுரையிலிருந்து வந்து சேரப் பதினோரு நாள் ஆயிற்று. அதற்குள் பழக்கடைக்காரர்கள் புளியரைக்காரர் ஒருவரின் வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி ரெடியான அன்று மதினியை அழைத்தேன்.

"அண்ணன் கோவமா இருக்காகளா மதினி?"

"கோவமா? உங்களப் பத்தி ஒரு வார்த்த பேசல தம்பி. நாந்தான் நாலு வார்த்த வஞ்சேன். அதுக்கும், 'அவன் படிச்சவன், அவனுக்குத் தெரியும்'னு எந்திரிச்சுப் போயிட்டாக."

"இப்ப என்ன செய்தாக?"

"என்ன செய்வாக? உப்புத்தாள வச்சிக்கிட்டு நாலு ரிம்மையும் சொரண்டுதாக. நீங்க அடிச்ச பெயின்டு கொள்ளாம் தம்பி, போவவே மாட்டேங்கு. கையெல்லாம் தோலு உரிஞ்சதுதான் மிச்சம்." பிறகு, "பூராத்தையும் சொரண்டலாம்லான்னு கேட்டேன். உள்பக்கம் மட்டும் போதும்னுட்டாக" என்றாள்.

டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கி அனுப்பினேன். எங்கே கிளிக் என்று கேட்கிறதோ அங்கே நிறுத்திவிட வேண்டும், இறுக்கக் கூடாது, சரிபார்த்தால் போதும் என்று, நவம்பரில் சொல்லியிருக்க வேண்டியதை ஆகஸ்டில் எழுதி அனுப்பினேன். அண்ணன் மறுக்கவில்லை. நான் சொன்னபடியே செய்கிறான். எப்போதும் அவன் நான் சொன்னபடிதானே செய்திருக்கிறான்.

இப்போது அவனுக்குப் பழ ஓட்டம் இல்லை. கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகிறான். நூறு கிலோமீட்டர் ஆனதும் வண்டியை ஓரம் கட்டி, நட்டுகளைச் சரிபார்த்து, மைல்கல்லோ மீட்டரோ தெரிய எனக்கு ஒரு படம் அனுப்புகிறான். கீழே ஒரு வரி இருக்கும்: "100 கி.மீ. முடிந்தது. நட்டு சரியாக உள்ளது." கவுண்டருக்கு வரும் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுத் தருவதைப் போல. நான் நன்றி என்று பதில் எழுதுகிறேன். ஒருமுறை 'ஏலேன்னு ஒருக்கக் கூப்புடுண்ணே' என்று தட்டச்சிட்டேன். அனுப்பவில்லை. கேட்டு வாங்கினால் அது அந்த 'ஏலே' ஆகாது.

இன்று காலையிலும் வாசலில் வரிசை நின்றது. ஐந்தாறு வண்டிகள், ஐந்தாறு காபிக் கோப்பைகள். டைலர் ஒவ்வொரு நட்டாகத் தொட்டுக் கிளிக் கிளிக் என்று போய்க்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து படம் வந்தது. இந்த முறை ஏனோ மைல்கல்லோ மீட்டரோ இல்லை. குற்றாலத்துச் சாலையோரம், சக்கரம் கழற்றி வண்டியில் சாய்த்து வைத்திருக்கிறது. சாரலில் நனைந்திருக்கிறது. வெளிப்பக்கத்தில் நான் அடித்த கிளிப்பச்சையும் மஞ்சள் வளையமும் அப்படியே பளபளக்கின்றன. எதிரே வருகிறவர் எவரும் நின்று பார்த்துவிட்டுப் போகக் கூடிய பளபளப்பு. பக்கத்தில் அதே சக்கரத்தைப் புரட்டி எடுத்த இன்னொரு படம். வண்டியோடு ஒட்டும் இடத்தில் என் நிறம் ஒரு துளியும் இல்லை. அங்கே சுரண்டிச் சுரண்டி வெளுத்த இரும்புதான் இருக்கிறது.